கடல் இடப்பக்கம் இருக்கட்டும்: கெபேர்ஹாவிலிருந்து கேப் டவுன் வரை

தென்னாப்பிரிக்காவின் தெற்குக் கரையோரம் கார் ஓட்ட வருகிறவர்களில் பெரும்பாலானோர் கேப் டவுனில் இறங்கி, அங்கேயே வண்டி எடுத்து, கிழக்கு நோக்கிப் புறப்படுகிறார்கள். நாங்கள் சொல்வது எதிர்த்திசை. கெபேர்ஹாவில் தொடங்கி மேற்கே வந்து கேப் டவுனில் முடியுங்கள்.

காரணம் இதுதான். நம் ஊரைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும். மேற்கு நோக்கி வரும்போது கடலும் இடப்பக்கம் இருக்கும். காட்சி முனையைக் கண்டால் சிக்னல் போட்டு அப்படியே ஒதுங்கி நிறுத்திவிடலாம். கிழக்கே போகிறவர் ஒவ்வொரு முனைக்கும் எதிர்வரும் வண்டிகளைக் கடந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். மலையை வெட்டிப் போட்ட வளைவுச் சாலையில், பின்னால் லாரி நிற்க, 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வருகிற வண்டிகளுக்கு நடுவே இடைவெளி தேடுவது சுகமான வேலையல்ல. மேற்கே வருவதில் ஒரு குறை உண்டு: பிற்பகல் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். அதனால் 2 மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கிறவர்களுக்கு இன்னொரு வசதி. பூமியின் தென்பாதியில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், கடலோ தெற்கே. முதுகில் வெயில் பட, கடல் முழு நிறத்தோடு தெரியும்.

கெபேர்ஹா என்பது போர்ட் எலிசபெத்துக்கு 2021 முதல் அதிகாரப்பூர்வப் பெயர். கோசா மொழிப் பெயர், தொடக்கத்தில் நாக்கைச் சொடுக்கும் ஒலி வரும். ஊர்க்காரர்கள் இன்னும் பி.ஈ. என்று சுருக்கமாகச் சொல்வதையும் கேட்பீர்கள். அங்கிருந்து கேப் டவுனுக்கு என்2 தேசிய நெடுஞ்சாலையில் நேராகப் போனால் சுமார் 750 கி.மீ., எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் கடலோர ஊர்களில் பல அந்தச் சாலையின் மேல் இல்லை. 10, 20, சில இடங்களில் 60 கி.மீ. விலகி இறங்க வேண்டும். கீழே சொல்லும் ஊர்களை எல்லாம் தொட்டு வந்தால் ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். யானைப் பூங்காவுக்குப் போய்வருவதும் ஊருக்குள் சுற்றுவதும் சேர்ந்து 1,300 என்று கணக்கிடுங்கள். சிறிய கார் 100 கி.மீ.க்கு 7 லிட்டர் குடித்தால் 90 லிட்டர் பெட்ரோல் போதும். கடலோரத்தில் 95 என்று எழுதிய பம்பில் போடுங்கள், 93 உயரமான உள்நாட்டுக்கு ஏற்றது. நாமே இறங்கிப் பிடிக்க வேண்டியதில்லை, பணியாளர் போடுவார், கண்ணாடியும் துடைப்பார். அவருக்கு 5 முதல் 10 ராண்ட் கொடுப்பது வழக்கம்.

நாட்கள்? பன்னிரண்டு இருந்தால் நிறைவு. ஒன்பதுக்குக் கீழே போனால் பாதி ஊர்களை வெட்டிவிடுங்கள், எல்லாவற்றையும் எட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

வண்டி எடுக்கும் இடத்தில் தவறுகிறவர்கள் பலர். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா முன்கூட்டியே வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் ஆங்கிலம் இருந்தால் சட்டப்படி செல்லும் என்றாலும், சர்வதேச அனுமதிச் சீட்டும் கையில் இருக்கட்டும். இந்தியாவில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 4ஏ படிவம் கொடுத்தால் ஓராண்டுக்குக் கிடைக்கும். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். வாடகை நிறுவனங்கள் முன்பணத்தை ஓட்டுநர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில் பிடித்துவைக்கும், டெபிட் கார்டை ஏற்காத இடங்கள் உண்டு. வேறு ஊரில் வண்டியைத் திருப்பிக் கொடுக்கத் தனிக் கட்டணம் இருக்கும். அதைச் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள். காப்பீட்டில் டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் சேர்கிறதா என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் சேராது, இந்தப் பயணத்தில் அடிபடுவதும் அவைதான். புறப்படும் முன் நான்கு பக்கமும் வீடியோ எடுத்து, டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, வீல் ஸ்பானர் மூன்றையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம்.

இடப்பக்கம் ஓட்டுவது பழகியது என்பதால் மற்றதெல்லாம் நம் ஊர் மாதிரி என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். சிவப்பு விளக்கில் ஃப்ரீ லெஃப்ட் கிடையாது, இடப்பக்கம் திரும்பவும் பச்சைக்குக் காத்திருக்க வேண்டும். சிக்னலை அங்கே ரோபோ என்பார்கள். ‘இரண்டாவது ரோபோவில் இடது’ என்று யாராவது வழி சொன்னால் திகைக்காதீர்கள். சிறு ஊர்ச் சந்திகளில் நான்கு பக்கமும் நில் பலகை இருக்கும். சக்கரம் முழுதாக நின்றாக வேண்டும், முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். மின்வெட்டில் ரோபோ அணைந்தாலும் அதே முறைதான். ஹாரன் அடிப்பதைச் சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்கிற நாடு அது. வேக வரம்பு ஊருக்குள் 60, வெளியே 100, பெருவழியில் 120. கேமராக்கள் நிறைய. அபராதம் வாடகை நிறுவனத்துக்குப் போய், அவர்களுடைய நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து, நீங்கள் ஊர் திரும்பிய பிறகு உங்கள் கார்டில் விழும்.

மஞ்சள் கோடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருவழிச் சாலையில் ஓரத்தில் மஞ்சள் கோடும் அதற்கு வெளியே அகலமான தார்ப் பரப்பும் இருக்கும். மெதுவாகப் போகிற வண்டி கோட்டைத் தாண்டி இடப்பக்கம் ஒதுங்கி, பின்னால் வருகிறவரை விடுவது அங்குள்ள மரியாதை. முந்தியவர் நான்கு பக்க விளக்கையும் இரண்டு முறை மினுக்கி நன்றி சொல்வார், ஒதுங்கியவர் முகப்பு விளக்கை ஒருமுறை மினுக்குவார். நீங்களும் ஒதுங்கலாம், ஆனால் பகலில், முன்னே 150 மீட்டராவது தெளிவாகத் தெரியும்போது மட்டும். வளைவிலும் மேட்டின் உச்சியிலும் வேண்டாம். அந்த ஓரத்தில் ஆள் நடந்துகொண்டிருப்பார், பழுதான வண்டி நிற்கும்.

இருட்டிய பிறகு ஊர்விட்டு ஊர் ஓட்டாதீர்கள். கால்நடை, கருப்பு உடையில் நடந்து போகிறவர், விளக்கில்லாத வண்டி, குடித்துவிட்டு ஓட்டுகிறவர், எல்லாம் இருட்டில்தான் மாட்டுவார்கள். நிறுத்திய வண்டியின் இருக்கையில் ஒரு வெற்றுப் பைகூடத் தெரியக் கூடாது. ரிமோட்டில் பூட்டிய பிறகு கைப்பிடியை இழுத்துப் பாருங்கள், அலைவரிசையைத் தடுத்துப் பூட்டாமல் செய்யும் கருவிகளோடு திரிகிறவர்கள் உண்டு. காவல் காக்கும் சட்டை போட்டு நிற்பவருக்குத் திரும்பும்போது 5 ராண்டோ 10 ராண்டோ கொடுங்கள். கைபேசியிலிருந்து அவசர எண் 112.

எப்போது போவது? செப்டம்பர் முதல் நவம்பர் வரை எங்கள் முதல் தேர்வு: திமிங்கிலம் இருக்கும், பூ இருக்கும், வெயில் சுடாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடலில் இறங்க நல்லது. டிசம்பர் நடு முதல் ஜனவரி நடு வரை அங்கே பள்ளி விடுமுறை, அறை வாடகை ஏறும், நைஸ்னா ஊருக்குள் என்2 ஊர்ந்துதான் போகும்.

அடுத்தது ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவது. இந்தப் பயணத்தின் மிக நல்ல இரண்டு இடங்கள், செட்ஜ்ஃபீல்ட் அருகேயுள்ள கெரிக்கே முனையும் ஆர்னிஸ்டன் குகையும், கடல் வற்றும்போது மட்டுமே எட்டக்கூடியவை. நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி பார்க்கத் தெரிந்த நமக்கு இது எளிது. இந்தக் கரை முழுவதிலும் அந்த நாட்களை ஒட்டி வற்றம் காலை 9, 10 மணிக்கு வரும், இரவும் அதே நேரம். அன்றுதான் நீர் மிக அதிகமாக வற்றும். அதன்பிறகு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். அட்டமி நாட்களில் வற்றம் பிற்பகலுக்கு நகர்ந்திருக்கும், அளவும் குறையும். எனவே ஆர்னிஸ்டனில் நிற்கும் நாள் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ இரண்டு மூன்று நாள் பக்கத்தில் விழும்படி முதலில் குறித்துக்கொண்டு, மற்ற நாட்களைப் பின்னோக்கி அமையுங்கள். சரியான நிமிடத்துக்கு உள்ளூர் ஓத அட்டவணையைப் பாருங்கள்.

கெபேர்ஹாவில் ஒரு முழுநாள் அட்டோ யானைப் பூங்காவுக்கு. நகரிலிருந்து சுமார் 70 கி.மீ. 1931-இல் பதினொரு யானைகளைக் காக்க உருவாக்கிய இடம், இன்று 600-க்கு மேல். பூங்காவுக்குள் 40 கி.மீ. வேகம், குறித்த இடங்களில் தவிர இறங்கக் கூடாது. ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற பழங்களை உள்ளே கொண்டுபோகத் தடை: ஒரு காலத்தில் யானைகளுக்கு ஆரஞ்சு போட்டுப் பழக்கியதால் அவை வாசனைக்கே வண்டியைத் தேடி வந்தன. சாலையில் கிடக்கும் சாணத்தின் மேல் ஏற்றாதீர்கள், பறக்காத சாணிவண்டுகள் அதற்குள் இருக்கும். இவை உலகில் மிகச் சில இடங்களிலேயே மிஞ்சியவை.

நகருக்குள் சவுத் எண்ட் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். துறைமுகத்தை ஒட்டிய சவுத் எண்ட் பகுதியில் பல இனத்தவரும் கலந்து வாழ்ந்தார்கள், இந்தியர்களும் இருந்தார்கள். 1950-இன் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் அவர்களை இனம் பிரித்து அகற்றினார்கள். இந்தியர்களுக்கு ஒதுக்கிய குடியிருப்புக்கு மலபார் என்று பெயர் வைத்தார்கள், இன்றும் அதுதான் பெயர். அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு மலபார் தெருக்களில் போனால் அந்தத் தூரம் புரியும்.

ஜெஃப்ரீஸ் பே 75 கி.மீ. அலைச்சறுக்கு தெரியாதவருக்கும் சூப்பர்டியூப்ஸ் கரையில் ஒரு காலைப் பொழுது தகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கிலிருந்து வரும் பெரிய அலைகள் பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராக நூற்றுக்கணக்கான மீட்டர் உடைந்துகொண்டே போகும். பார்க்கத்தான் சொல்கிறோம், பழகாதவர் அங்கே இறங்கக் கூடாது.

இனி சிட்சிகாமா. கோய் மொழியில் ‘நீர் மிகுந்த இடம்’ என்று பொருள் சொல்வார்கள். என்2 ஸ்டார்ம்ஸ் ஆற்றைக் கடக்கும் பால் சாவர் பாலத்தில் வண்டியை நிறுத்தி நடந்து போய்க் கீழே பாருங்கள். 1956-இல் முடிந்தது, வடிவமைத்தவர் இத்தாலியப் பொறியாளர் ரிக்கார்டோ மொராண்டி. சுமார் 120 மீட்டர் ஆழப் பள்ளத்தில் சாரம் கட்ட முடியாததால், வளைவின் இரு பாதிகளையும் இரு கரையில் நெட்டுக்குத்தாக எழுப்பி, பிறகு மெல்லச் சாய்த்து நடுவில் பொருத்தினார்கள். பலர் பெட்ரோல் போட்டுக்கொண்டு இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

பாலத்துக்கு மேற்கே சில கிலோமீட்டரில் ஸ்டார்ம்ஸ் கழிமுகத்துக்கு இறங்கும் சாலை. இந்தப் பயணத்தில் ஓரிடத்தில் மட்டுமே இரண்டு இரவு தங்க முடியும் என்றால் இங்கே தங்குங்கள். தேசியப் பூங்காவின் விடுதிகள் அலை தெறிக்கும் தூரத்தில் இருக்கின்றன, மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டும். 77 மீட்டர் நீளத் தொங்குபாலத்துக்கு மரப்படி வழியே ஒரு கிலோமீட்டர் நடை. 8 மணிக்கு முன் போனால் பேருந்துக் கூட்டம் இருக்காது. இன்னொரு பக்கம் அருவிக்குப் போகும் பாதை, போகவர 6 கி.மீ. தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பாதி வழி வீட்டுத்திண்ணை உயரப் பாறைகள் மேல் ஏறி இறங்க வேண்டும், மூன்று முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும். மழை பெய்த மறுநாள் கைவிட்டுவிடுங்கள், ஈரப் பாறையில்தான் கணுக்கால் சுளுக்கும். பாதம் பிடிக்கும் ஷூ, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்.

அடுத்து புளூகிரான்ஸ் பாலம். ஆற்றிலிருந்து 216 மீட்டர், கிழக்குக் கேப் மாகாணத்துக்கும் மேற்குக் கேப் மாகாணத்துக்கும் எல்லை. கயிறு கட்டிக் குதிப்பவர்களைப் பாலத்தின் அடிவயிற்றிலுள்ள வலைநடைபாதை வழியாக அழைத்துப் போகிறார்கள். உயரம் பயமுள்ளவர்களுக்கு அந்த நடைதான் குதிப்பதைவிடக் கடினம், கால்களுக்குக் கீழே முழுப் பள்ளமும் தெரியும். பக்கத்திலேயே சுங்கச்சாவடி, இந்த வழியில் என்2-இல் இது ஒன்றுதான். கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள்.

பிளெட்டன்பர்க் பேயில் எதை விட்டாலும் ராபர்க் முனையை விடாதீர்கள். மூன்று சுற்றுகள்: 2.1, 5.5, 9.2 கி.மீ. கடல்நாய்க் கூட்டத்தின் நாற்றமும் கூச்சலும் முதல் மேட்டிலேயே எட்டும். நடுத்தரச் சுற்று போதுமானது, மணல்மேட்டில் வழுக்கி இறங்கித் தீவுபோல் நீண்ட பகுதியைச் சுற்றி வரலாம். முழுச் சுற்றுக்கு நான்கு மணி நேரமும், கடல் அமைதியான நாளும் வேண்டும். நுனியில் பாதை பாறை விளிம்பில் போகிறது, எதிர்பாராத பேரலை ஆளை இழுத்திருக்கிறது. குளிப்பதானால் உயிர்காப்பாளர் நிற்கும் கரையில், அவர் நட்ட கொடிகளுக்கு நடுவே மட்டும். 2022-இல் இந்த ஊரில் சுறா தாக்கி இருவர் இறந்தார்கள். அதன் பின்னணி 300 கி.மீ.க்கு மேல் தள்ளி கான்ஸ்பாயில் இருக்கிறது, அங்கே போகும்போது சொல்கிறோம்.

நைஸ்னாவின் களப்பு, அதாவது காயல், கடலோடு இரு செம்பாறைக் குன்றுகளுக்கு நடுவே சேர்கிறது. கிழக்குக் குன்றின் மேல் வரை கார் போகும். ஓதம் பாதி ஏறியிருக்கும்போது, நீர் களப்பின் வாய்க்குள் நுழையும் வேகத்தைப் பாருங்கள், படகுகளுக்கு இது ஆபத்தான வாயில் என்பது அப்போது தெரியும். களப்பின் கடற்புல்லில் ஒரு கடற்குதிரை இனம் வாழ்கிறது. இதுவும் அக்கம்பக்கத்துச் சில கழிமுகங்களும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 2017 ஜூனில் மூண்ட பெருந்தீ இந்த ஊரின் மேட்டுப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான வீடுகளை அழித்தது. காட்டைப் பார்க்க நேரமுள்ளவர்கள் நைஸ்னாவிலிருந்து ஜார்ஜுக்கு என்2-ஐ விட்டு ஏழு கணவாய்ச் சாலையில் போகலாம். தாமஸ் பெய்ன் 1867-க்கும் 1883-க்கும் இடையில் போட்ட பழைய வழி, சில பகுதி மண் சாலை, மழையில் வேண்டாம்.

மண் சாலை பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். 60-க்கு மேல் போகாதீர்கள். பலகை 80 என்றாலும் போகாதீர்கள். சரளை மேல் டயர் உருண்டைகளின் மேல் மிதப்பது போலத்தான் ஓடுகிறது. வளைவில் பிரேக் போட்டால் பின்பக்கம் வெளியே வீசும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஏற்கெனவே ஓடிய சக்கரத் தடத்தில் செல்லுங்கள். எதிரே வண்டி வந்தால் இன்னும் மெதுவாக்கி இடப்பக்கம் தள்ளுங்கள், கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல் விடுவது அப்போதுதான். தூசியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் யாரையும் முந்தாதீர்கள். வேறு வண்டி சம்பந்தப்படாமல் கவிழ்ந்தால் நீங்கள் கட்ட வேண்டிய தொகை கூடும் என்று பல ஒப்பந்தங்களில் சிறிய எழுத்தில் இருக்கும்.

செட்ஜ்ஃபீல்டில் சனிக்கிழமைக் காலை இருக்கும்படி பாருங்கள். வைல்ட் ஓட்ஸ் உழவர் சந்தை 12 மணிக்குள் முடிந்துவிடும், நல்ல ரொட்டியும் பாலாடைக்கட்டியும் 9-க்குள் தீர்ந்துவிடும். சைவர்களுக்கு இந்தப் பயணத்தில் கடையில் சாப்பிடுவது சலிக்கும், மெனுவில் மீனும் இறைச்சியும்தான். சமையலறையோடு கூடிய குடில்கள் எல்லா ஊரிலும் கிடைக்கும், அரிசி, பருப்பு, காய்கறி சூப்பர்மார்க்கெட்டில் உண்டு. வழியில் பாட்ஸ்டால் எனும் பண்ணைக் கடைகளில் தணலில் சுட்ட ரூஸ்டர்கூக் ரொட்டியைச் சுடச்சுட வெண்ணெயோடு வாங்குங்கள். சந்தை முடிந்ததும் வற்றம் பார்த்துக் கெரிக்கே முனை. பழங்கால மணல்மேடுகள் கல்லாக இறுகி நிற்கும் குன்று, அடியில் குளங்களில் கடல் உயிர்கள். வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு நடக்கத் தொடங்கி, நீர் திரும்பும்போது நீங்களும் திரும்பிவிடுங்கள். குன்றின் அடியில் படுக்காதீர்கள், மணற்பாறை சரிந்து விழும்.

வில்டர்னஸ் சிறிய ஊர், அமைதியானது. தவ் ஆற்றில் துடுப்புப் படகில் மேலேறி அருவிக்கு நடக்கலாம். காய்மான்ஸ் கழிமுகத்தின் வளைந்த ரயில் பாலத்தில் 2006-இல் மண்சரிவுக்குப் பிறகு ரயில் ஓடவில்லை. ஜார்ஜைத் தாண்டுகிற என்2 பகுதியில் சொல்ல அதிகம் இல்லை.

மாசெல் பேக்கு வரும் இந்தியர் நின்று பார்க்க வேண்டியது ஒரு மரம். 1488 பிப்ரவரி 3 அன்று போர்ச்சுகீசிய மாலுமி பார்த்தொலொமேயு டயஸ் இங்கே கரையிறங்கினார். 1501-இல் இந்தியாவிலிருந்து திரும்பிய பெரோ தெ அத்தாய்தே, கோழிக்கோட்டில் நடந்த மோதலைப் பற்றி எச்சரிக்கும் கடிதத்தை இங்கே ஒரு மரத்தடியில் காலணிக்குள் விட்டுப் போனார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. அதே ஆண்டு இந்தியாவுக்குப் போகிற வழியில் ஜோவாவ் தா நோவா அதை எடுத்துப் படித்தார். அந்தப் பால்மரம் என்று காட்டப்படுவதன் அடியில் காலணி வடிவத் தபால்பெட்டி இருக்கிறது, கடிதம் போட்டால் தனி முத்திரையோடு போகும். பக்கத்து அருங்காட்சியகத்தில் 1988-இல் லிஸ்பனிலிருந்து ஓட்டி வந்த பாய்மரக் கப்பல் முழுதாக நிற்கிறது. அதன் தளத்தில் ஏறி நின்று நீளத்தைப் பாருங்கள். இந்த அளவுக் கலத்தில்தான் வந்தார்கள்.

மாசெல் பேயிலிருந்து ஸ்வெலன்டாம் வரை 170 கி.மீ. கடல் தெரியாது, கோதுமை வயல்தான். பலர் இங்கிருந்து நேரே கேப் டவுன் போய்விடுவதால் தென்முனையை இழக்கிறார்கள். ஸ்வெலன்டாமில் ஆர்319-க்குத் திரும்பி பிரேடஸ்டார்ப், அங்கிருந்து 24 கி.மீ.யில் ஆர்னிஸ்டன்.

ஊரின் பெயரே ஒரு கப்பலின் பெயர். 1815 மே 30 அன்று இலங்கையிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த ஆர்னிஸ்டன், 378 பேரோடு இந்தக் கரையில் மோதியது. கண்டிப் போர்களில் காயம்பட்ட படைவீரர்கள், பெண்கள், குழந்தைகள். உயிர் பிழைத்தவர்கள் ஆறு பேர். கப்பலில் தீர்க்கரேகை கணிக்கத் தேவையான கடற்கடிகாரம் இல்லை. நன்னம்பிக்கை முனையைக் கடந்துவிட்டோம் என்று தப்பாகக் கணித்து வடக்கே திரும்பினார்கள், வடக்கே இருந்தது தரை. நான்கு மகன்களை ஒன்றாக இழந்த பெற்றோர் வைத்த நினைவுக்கல்லின் பிரதி இங்கே இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றால் காற்று எவ்வளவு விடாமல் கரையை நோக்கித் தள்ளுகிறது என்று தெரியும். பாய்மரக் கப்பலுக்கு இங்கே தப்பிக்க வழி இருந்திருக்காது.

காசிஸ்பாய் என்ற மீனவர் குடியிருப்பு வெள்ளைச் சுவரும் கூரை வேய்ந்த வீடுகளுமாக இதே ஊரில். மக்கள் வாழும் இடம், கேட்காமல் வீட்டு வாசலைப் படம் எடுக்காதீர்கள். குகைக்கு ஊரின் தெற்கே மணல்மேடு வழியாக நடை. நுழைவு தாழ்வானது, பாறையில் பாசி வழுக்கும், செருப்பு உதவாது. உள்ளே போனால் மாட்டுவண்டியைத் திருப்பும் அளவுக்கு அகலம், அதனால்தான் ஆஃப்ரிகான்ஸில் வண்டிக்கொட்டகைப் பாறை என்று பெயர். வற்றம் கடந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்காதீர்கள்.

கேப் அகுலாஸ் ஆப்பிரிக்காவின் தென்கோடி, பலர் நினைப்பதுபோல் நன்னம்பிக்கை முனையல்ல. இந்துமாக்கடலுக்கும் அட்லாண்டிக்குக்கும் வகுத்த எல்லை கிழக்கு 20 பாகை தீர்க்கரேகை, அந்த முனை வழியாகவே போகிறது. இரண்டு நிறத் தண்ணீர் கோடு போட்டுச் சேர்வதைத் தேடாதீர்கள், அப்படி ஒன்று கிடையாது. வெந்நீரோட்டமும் குளிர்நீரோட்டமும் கடலுக்குள் இடம் மாறி மாறிக் கலக்கின்றன. அகுலாஸ் என்றால் போர்ச்சுகீசில் ஊசிகள். அன்று திசைகாட்டி ஊசி இங்கே பிசகின்றி மெய்வடக்கைக் காட்டியதால் வந்த பெயர். இன்று 25 பாகைக்கு மேல் மேற்கே சாய்கிறது. 1849-இன் கலங்கரை விளக்கத்தில் 71 படி, கடைசிப் பகுதி ஏணிபோல் செங்குத்து, கைக்குழந்தையோடு ஏற வேண்டாம்.

எலிம் வழியாக கான்ஸ்பாய். 1852-இல் பர்க்கன்ஹெட் கப்பல் இங்குள்ள டேஞ்சர் முனையில் மோதிச் சுமார் 450 பேர் இறந்தார்கள். கூண்டுக்குள் இறங்கி வெள்ளைச் சுறா பார்க்கும் தொழிலால் ஊர் பெயர் பெற்றது. 2017-இல் கரையொதுங்கிய சுறாக்களின் ஈரல் மட்டும் காணாமல் இருந்தது. போர்ட், ஸ்டார்போர்ட் என்று பெயரிடப்பட்ட இரண்டு ஓர்காக்களின் (கொலைத் திமிங்கிலங்களின்) வேலை. அதன் பிறகு வெள்ளைச் சுறாக்கள் இங்கிருந்து அகன்றன, கிழக்கே நகர்ந்திருக்கும் என்பது ஆய்வாளர் சிலரின் கணிப்பு. இன்று கூண்டுக்கு வருபவை பெரும்பாலும் செம்பழுப்புச் சுறாக்கள். பணம் கட்டும் முன், கடந்த மாதம் என்ன இனம் வந்தது என்று நேராகக் கேளுங்கள்.

ஹெர்மனஸில் படகு எடுக்காமலே திமிங்கிலம் பார்க்கலாம், அதுதான் இந்த ஊரின் பெருமை. ஜூன் முதல் நவம்பர் வரை, உச்சம் ஆகஸ்ட் முதல் அக்டோபர். குட்டி போட வரும் தென்கடல் ரைட் திமிங்கிலங்கள் கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் கிடக்கும். 12 கி.மீ. பாறைப் பாதை முழுதும் நடக்கத் தேவையில்லை. பழைய துறைமுகத்தில் அரை மணி அசையாமல் உட்காருங்கள், வெறும் கண்ணால் தேடுங்கள், தொலைநோக்கி பிறகு. மூச்சு இரண்டாகப் பிரிந்து ஆங்கில வி போல் எழும். முதுகில் துடுப்பு இருக்காது, தலையில் வெண்தடிப்புகள் தெரியும். முதுகில் சிறு துடுப்பு இருந்தால் அது கூன்முதுகுத் திமிங்கிலம். காற்று எழுந்து கடல் நுரைத்தால் மூச்சு தெரியாது, அதனால் அதிகாலை நல்லது. உரிமம் பெற்ற படகு 50 மீட்டர் வரை நெருங்கலாம், மற்ற எதுவும் 300 மீட்டருக்குள் போகக் கூடாது. ட்ரோன் பறக்கவிட்டால் குற்றம்.

பெட்டீஸ் பேயில் ஸ்டோனி முனை. சைமன்ஸ் டவுனின் பென்குயின் கரையைவிடக் கூட்டமும் கட்டணமும் குறைவு. ஆப்பிரிக்கப் பென்குயின் 2024-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டது, சாளையும் நெத்திலியும் குறைந்ததுதான் முதன்மைக் காரணம். மரநடையை விட்டு இறங்காதீர்கள், குழிக்கு மேல் மிதித்தால் முட்டை போய்விடும். கிளம்பும்போது காருக்கடியில் குனிந்து பாருங்கள், நிழலுக்கு ஒதுங்கியிருக்கும்.

கடைசி ஓட்டம் ரூயி எல்ஸ் முதல் கார்டன்ஸ் பே வரை, ஆர்44. இருபது கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் போங்கள். கடல் இடப்பக்கம், ஒவ்வொரு முனைக்கும் நேராக ஒதுங்கலாம். பபூன் குரங்குகள் உண்டு: நிறுத்தினால் கண்ணாடி ஏறியிருக்கட்டும், கதவு பூட்டியிருக்கட்டும், கையில் தின்பண்டம் வேண்டாம். பறித்தால் விட்டுவிடுங்கள், இழுக்காதீர்கள். கோகல் பே கரை அழகானது, ஆனால் வெளியே இழுக்கும் நீரோட்டம் கடுமை, முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். பலத்த மழைக்குப் பின் பாறை சரிந்து சாலை மூடப்படுவதுண்டு. அப்படியானால் என்2-இல் சர் லோரி கணவாய் வழியே இறங்குங்கள்.

கார்டன்ஸ் பேயிலேயே பெட்ரோலை நிரப்பி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கேப் டவுன் விமான நிலையத்துக்குப் பகலில், என்2-ஐ விட்டு இறங்காமல், பலகை காட்டும் விமான நிலையச் சாலையில் மட்டும் திரும்புங்கள். ஐந்து நிமிடம் மிச்சம் என்று கைபேசி காட்டும் குறுக்கு வழிகள் நியாங்கா பக்கமாகப் போகும், அங்கே வழிதவறிய வாடகைக் கார்களைக் குறிவைத்துத் தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. வண்டியை ஒப்படைக்கும்போது மீண்டும் நான்கு பக்கமும் வீடியோ எடுத்து, ஊழியர் கையெழுத்திட்ட சீட்டை வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள்.